தோட்டத்து நாடகச் சாமான்கள்: இதுவரை சேர்ந்தவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை). அதனால் பழைய கதைக்கு டிவி நாடகம் எடுக்க வருபவர்கள் மிச்சமிருக்கும் பால்மரக் (ரப்பர்) காட்டையும் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டையும் தேடி அலைகிறார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் சாமான்களில் பாதி லாரி ஏறிவிடும். மீதி உடை, செட் வேலை பார்த்தவர்களின் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். நான் வாங்குவது அந்தப் பெட்டிகளிலிருந்துதான். தோட்டத்துக் கதை மட்டும்தான் என் எல்லை. அதே மாதிரி செய்த நகல் வேண்டாம், கேமரா முன்னால் இருந்த பொருள்தான் வேண்டும்.

அதை எப்படி உறுதி செய்வது? விற்பவர் வாயால் சொன்னது கணக்கில் சேராது. நாடகத்தைப் போட்டு, அந்தக் காட்சியில் நிறுத்தி, பொருளைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இதுவரை கிடைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கிராணி (தோட்டத்து எழுத்தர்) மேசையில் இருந்த செக்ரோல் புத்தகம், அதாவது ஆள் வருகையும் சம்பளமும் எழுதும் பதிவேடு. பச்சை அட்டை, முதுகில் சிவப்புத் துணி. திறந்தால் நடுவில் இரண்டு பக்கத்தில்தான் எழுத்து இருக்கிறது, மற்றதெல்லாம் வெற்றுத்தாள். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தை யார் உட்கார்ந்து எழுதப்போகிறார்கள்? கதை நடப்பது 1950களில். ஆனால் சம்பளக் கட்டத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ‘ஆர்எம்’ (மலேசிய ரிங்கிட்) என்று போட்டிருக்கிறது. அந்தக் குறியீடு 1993-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் டாலர் குறிதான். எழுதியவர் இந்தக் காலத்துப் பழக்கத்தில் எழுதிவிட்டார். நாடகத்துக்கு அது சறுக்கல், எனக்கு அதுதான் ஆதாரம். காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினால் அதே இடத்தில் அதே எழுத்து, ‘எம்’மின் கடைசிக் கால் கோட்டைத் தாண்டி இறங்கியிருப்பது உட்பட. ஒழுங்காக எழுதியிருந்தால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது.

சட்டைகளில் வேலை கொஞ்சம் அதிகம். ஒரே பாத்திரத்துக்கு ஒரே துணியில் இரண்டு மூன்று தைப்பார்கள்: ஒன்று புதிதாக, ஒன்று அழுக்காக்கி, ஒன்று சேற்றில் விழுந்து புரள. எது எந்தக் காட்சியில் வந்தது என்பதைக் கட்டம் போட்ட சட்டை என்றால் பையே சொல்லிவிடும். பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் சேரும் இடம், எவ்வளவு கவனமாகத் தைத்தாலும், ஒரு சட்டைக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. என்னிடம் இருக்கும் சட்டையில் இடது பக்கம் நீலக்கோடு ஒரு நூல் அளவு தள்ளி நிற்கிறது. திரையிலும் அப்படியே. காலருக்குள் ஊக்கில் குத்திய துண்டுத்தாளில் காட்சி எண்ணும் ‘பகல்’ என்ற சொல்லும் இருக்கின்றன. தாளையும் ஊக்கையும் தொடவில்லை. காலரில் இருக்கும் மேக்கப் கறையும் அப்படியே இருக்கட்டும். துவைத்தால் பாதி ஆதாரம் தண்ணீரோடு போய்விடும்.

மார்பில் பால் தெறித்த கறை மாதிரி வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதே, அது பால் இல்லை, வெள்ளைப் பசை. நகத்தால் கீறினால் பொறுக்காகப் பெயர்கிறது, ஈரவிரல் பட்டால் இளகுகிறது. மரத்துப் பால் துணியில் பட்டால் ரப்பராக இறுகி நாளாக நாளாகக் கறுத்துவிடும், எந்தச் சோப்புக்கும் மசியாது.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது அத்தை. பல வருஷம் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். சட்டையைப் பார்த்துச் சிரித்தவர், நான் வாங்கிய பால்வெட்டு உளியைக் கையில் எடுத்ததும் திட்டவே ஆரம்பித்துவிட்டார். “ஏண்டா, இதுல பட்டர்கூட வெட்ட முடியாதுலா. இதுக்குப் போயா காசு குடுத்த?” நடிகர் கையை அறுத்துக்கொள்ளக் கூடாது என்று விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “எங்கிட்ட நல்ல உளி இருக்கு, எடுத்துக்க” என்று தன்னுடையதையே கொடுத்துவிட்டார். மறுக்க மனசு வரவில்லை. ஆனால் இந்தச் சேகரிப்பில் அதற்கு இடமில்லை, வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன். மரம் வெட்டாத உளிதான் இங்கே அசல் என்பதை அத்தைக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை.

அமெரிக்காவின் ‘ஆல் இன் த ஃபேமிலி’ நாடகத்தில் ஆர்ச்சி பங்கர் உட்காரும் நாற்காலிக்கும் இதே கதைதான். பழைய சாமான் கடையில் சில டாலருக்கு வாங்கியது. 1978-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். நாடகம் தொடர்ந்ததால் அதே மாதிரி நாற்காலியைப் பல ஆயிரம் டாலர் செலவில் செய்ய வேண்டியதாயிற்று. 2023-இல் ‘சியர்ஸ்’ நாடகத்தின் மதுக்கடை மேசை 6,75,000 டாலருக்கு ஏலம் போனது. நம் பக்கம் இன்னும் நூறு வெள்ளிக்குள்தான் (ரிங்கிட்) பேச்சு, அதுவரை நல்லது.

செலவு அதிகம் வைப்பது நம் ஊர்ப் புழுக்கம். காற்றில் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே துணியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், இங்கே மழைக்காலத்தில் அதெல்லாம் சர்வசாதாரணம். கேமரா வைக்கும் டிரை கேபினட் ஒன்றைப் பழையதாக வாங்கி 50-இல் வைத்திருக்கிறேன். சட்டையை ஹேங்கரில் மாட்டுவதில்லை, தோள் தொங்கிவிடும். அமிலமில்லாத தாளை மடிப்புக்குள் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன். ஸ்பாஞ்சு வைத்த சாமான் எதையும் வாங்குவதில்லை, இந்த ஈரத்தில் சில வருஷத்தில் தூளாகிவிடும்.

இப்போது ஒரு கார்பைட் விளக்கு விலைக்கு வந்திருக்கிறது, இருட்டில் மரம் வெட்டும் காட்சியில் கதாநாயகி தலையில் கட்டியிருந்தது என்கிறார்கள். நாலாப்பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். துரு பிடித்த இடம் திரையோடு ஒத்துப்போனால் கேட்ட விலை. இல்லையென்றால் அது வெறும் பழைய விளக்கு, அதை அத்தையிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.