குறைமாதக் குழந்தைகளும் என் கடவுள் கேள்வியும்

நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எனக்கு இப்போது கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொன்னால், கேட்பவர்கள் காரணத்தை அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். "பாவம், எத்தனை குழந்தை சாவதைப் பார்த்திருப்பே" என்று சிலர் முகம் வாடுகிறார்கள். வேறு சிலர், "தினமும் அதிசயத்தைக் கண்ணால பார்க்கிறே, உனக்கா நம்பிக்கை இல்லை?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். இரண்டுமே தப்பு. சாவு என் நம்பிக்கையை அசைக்கவில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தவை பிழைத்துப் போன குழந்தைகள்தான்.

சாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நான் தவறாமல் வேண்டிக்கொள்பவள். குழந்தை போன இரவுகளில் இன்னும் கூடுதலாக வேண்டினேன். ஒன்றும் அறியாத சிசு ஏன் கஷ்டப்பட வேண்டும் என்ற கேள்விக்கு மதங்களிடம் பழைய பதில்கள் உண்டு. முன்வினை என்கிறார்கள், சோதனை என்கிறார்கள், மறுமையில் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். எந்தப் பதிலும் முழுத் திருப்தி தருவதில்லை. ஆனால் நம்புகிறவர் அவற்றை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட முடியும். நானும் ஓட்டினேன். துன்பத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் நாத்திகர் ஆகிவிடுவார்கள் என்றால் எங்கள் வார்டில் சாமி கும்பிடுகிறவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். உண்மையில் அங்கே பெரும்பாலோர் நம்புகிறவர்கள்தான்.

பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் வேலை விவரம் வேண்டியிருக்கிறது. 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். நுரையீரலில் உள்ள காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற ஒரு பொருள் தேவை. கருவில் ஏறக்குறைய 24ஆவது வாரத்தில் அது உருவாகத் தொடங்கினாலும், போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன்பே வந்துவிட்ட குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்வாங்க, முனகி முனகிப் போராடும். அந்த முனகலை ஒருமுறை கேட்டால் போதும், பிறகு வார்டின் மறுகோடியிலிருந்தே அடையாளம் தெரியும். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வைத்து சர்ஃபாக்டன்ட் கொடுக்கிறோம். பல குழந்தைகளுக்கு அதே ஷிஃப்டுக்குள் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைக்க முடிகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது மனதுக்குள் நன்றி சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்பதுதான் பின்னால் பிரச்சினையாகிவிட்டது.

எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு குழந்தை உண்டு. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பாட்ரிக். 1963 ஆகஸ்ட் 7 அன்று ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இன்று அந்த வாரத்தில், அந்த எடையில் ஒரு குழந்தை வந்தால் நாங்கள் பெரிதாகப் பதறுவதில்லை. அவன் மூச்சுத்திணறலால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். கத்தோலிக்கக் குடும்பம், பிறந்ததும் ஞானஸ்நானம் ஆயிற்று. வேண்டுதலுக்கு என்ன குறை இருந்திருக்க முடியும்?

குறை வேறு இடத்தில் இருந்தது. இப்படி இறக்கும் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் போதவில்லை என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அதைக் கொடுக்க வழியில்லை. பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வெளியிட்டார்கள். ஜப்பானில் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை அறிவித்தது 1980இல். பாட்ரிக் பிறந்தது இந்த வருடங்களுக்கு நடுவே. அவனைப் போல் பெயர் தெரியாத எத்தனையோ குழந்தைகளும் அப்படித்தான்.

"அந்த அறிவைக் கொடுத்ததும் கடவுள்தானே, உங்கள் கையால் அவர்தான் செய்கிறார்" என்பார்கள். நல்ல பதில். நானே அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் வேலை அதைச் சும்மா விடவில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் குழந்தையை ஒப்படைக்கிறோம். எத்தனை வாரம், எவ்வளவு எடை, தாய்க்கு ஸ்டீராய்டு போய்ச் சேர்ந்ததா, கிருமித்தொற்று உண்டா, தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இருக்கிறதா. அனுபவமுள்ள ஒருவருக்கு இந்த ஐந்தாறு தகவல் போதும், அந்த இரவு எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடுவார். பெற்றோர் எந்த மதம், எவ்வளவு உருகி வேண்டுகிறார்கள், வேண்டுகிறார்களா இல்லையா என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் கணிப்பு மாறியிருக்காது. எல்லா மதத்துக் குழந்தைகளும், எந்த மதமும் இல்லாத வீட்டுக் குழந்தைகளும் அடுத்தடுத்த இன்குபேட்டரில் கிடந்தார்கள். வாரமும் எடையும் சொன்னபடிதான் பெரும்பாலும் நடந்தது. ஒரு கட்டத்தில், வார்டில் நடந்ததை எனக்கு நானே விளக்கிக்கொள்ளும்போது அந்த விளக்கத்துக்குள் கடவுள் வரவில்லை என்பதைக் கவனித்தேன். யாரும் வாதாடி என்னை மாற்றவில்லை. கோபித்துக்கொண்டு விலகவும் இல்லை. வேண்டுவது தானாகக் குறைந்து நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

இதை ஆராய்ச்சி நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுதலை முறைப்படி சோதித்ததும் உண்டு. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. தனக்காக வேண்டுகிறார்களா என்று உறுதியாகத் தெரியாதவர்களில், வேண்டப்பட்டவர்களுக்கு 52 சதவீதம், வேண்டப்படாதவர்களுக்கு 51 சதவீதம் சிக்கல்கள் வந்தன. தனக்காக வேண்டுகிறார்கள் என்று தெரிந்திருந்த பிரிவில் 59 சதவீதம். நாத்திக நண்பர்கள் இந்த 59ஐக் குஷியாக மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. முகம் தெரியாதவர்கள் பட்டியலைப் பார்த்து வேண்டியதற்கும், ஒரு தாய் இன்குபேட்டர் துவாரத்துக்குள் கைவிட்டு, தன் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பதற்கும் என்ன சம்பந்தம்? அவள் புள்ளிவிவரத்தை மாற்றுவதற்காக அதைச் செய்வதில்லை.

அப்படியானால் நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கமும் வார்டில் கற்றதுதான். "பிழைச்சிருமா சிஸ்டர்?" என்று கேட்கும் பெற்றோரிடம் பிழைக்கும் என்றும் சொல்லக் கூடாது, பிழைக்காது என்றும் சொல்லக் கூடாது. தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று நிறுத்த வேண்டும். புதிதாக வருகிற மருத்துவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். ஒரு வார்த்தையாவது ஆறுதலாகச் சொல்லிவிடத் துடிப்பார்கள், அல்லது கெட்டதை முன்கூட்டியே சொல்லித் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள். எல்லா எண்களும் மோசமாக இருந்த குழந்தை வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால் அந்த ஒன்று பிழைக்கத்தானே வேண்டும்; அதை அதிசயம் என்று நான் சொல்வதில்லை, பெற்றோர் சொன்னால் மறுப்பதும் இல்லை. ஆனால் பிரபஞ்சம் என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்விக்கு என் நோயாளிக் குறிப்பேட்டில் ஒரு எண்கூட இல்லை. எண் இல்லாத இடத்தில் 'இல்லவே இல்லை' என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியை எனக்குப் பிடிப்பது இதனால்தான். 1869இல் தன்னை அறியொணாவாதி (கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய முடியாது என்பவர்) என்று சொல்லிக்கொள்ள ஒரு புதுப் பெயரை உண்டாக்கியவர் என்றுதான் அவரைப் பெரும்பாலும் சொல்வார்கள். அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1860 செப்டம்பரில், அவருடைய மூத்த மகன் நோயல், நான்கு வயதுகூட நிறையாதவன், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனான். பாதிரியாராக இருந்த நண்பர் சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லியின் பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. மனிதனுக்கு அழியாத ஆன்மா உண்டு என்பதைத் தான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை என்று எழுதுகிறார். நம்புவதற்குக் காரணம் தெரியவில்லை, பொய் என்று காட்ட வழியும் இல்லை என்கிறார். மகனைப் புதைத்த மாதத்தில்! மகனைத் திரும்பப் பார்ப்போம் என்று நம்ப ஒருவருக்கு அதைவிடப் பெரிய ஆசை எப்போது வரும்? ஆசை பெரிதாக இருப்பதாலேயே ஆதாரம் பெரிதாகிவிடாது என்று அவர் நினைத்தார். வசதியான நாற்காலியில் உட்கார்ந்து 'தெரியாது' என்பவர்கள் எனக்குப் பொருட்டில்லை. இவர் சொன்ன இடம் வேறு.

என்னோடு நீண்ட காலம் வேலை பார்த்த அக்கா ஒருவர் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். என் சர்ஃபாக்டன்ட் கதையையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தை பிழைச்சா கடவுள் இருக்காரு, போனா இல்லைன்னு நான் என்னிக்குமே கணக்கு வெச்சதில்லையேம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இழந்தது கணக்கு வைக்கிற கடவுளை. அவரிடம் இருப்பது அது அல்ல. போன குழந்தை எங்கோ யார் கையிலோ போய்ச் சேர்கிறது என்பதே அவருடைய நம்பிக்கை. அதை எந்த மானிட்டரும் தொட முடியாது. இறந்த குழந்தையை உடை மாற்றிப் பெற்றோரிடம் கொடுப்பதற்கு முன் அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பார், துடைக்கும்போது அதனிடம் பேசுவார். நானும் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் துடைக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் என்றாலும் அந்த உடம்புக்குத் தெரியப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஆனாலும் கை குளிர்ந்த குழாய்ப் பக்கம் போகாது.

தாய் தன் நெஞ்சோடு குழந்தையைத் தோல்மேல் தோலாக அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையின்போதும் இதே போன்ற ஒரு குழப்பம் வரும். இன்குபேட்டர் தட்டுப்பாட்டால் 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே தொடங்கிய முறை அது. இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. நெஞ்சில் குழந்தையோடு கண்மூடி வேண்டிக்கொண்டிருப்பார் தாய். மானிட்டரில் இதயத் துடிப்பு நிதானப்படும். வேண்டுதல் வேலை செய்கிறது என்பார். அணைப்பு வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். திருத்த வேண்டும் என்று தோன்றுவதில்லை. ஒரு இளம் மருத்துவர் ஒருமுறை ஒரு தந்தையிடம், "இதெல்லாம் வெறும் உடலியல் சார்" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது?

படம், வேதத்தின் ஒரு பக்கம், தாயத்து, எது கொண்டுவந்தாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துடைத்து, இன்குபேட்டருக்கு வெளியே ஒட்டிக் கொடுக்கிறோம். உள்ளே வைக்க விடுவதில்லை. கிருமிக்கு மத பேதம் கிடையாது. சேர்ந்து வேண்டச் சொன்னால் பக்கத்தில் நிற்பேன், உதடு அசைக்க மாட்டேன். பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒரு தாய் கவனித்துவிட்டார். "நீங்க நம்ப மாட்டீங்களா சிஸ்டர்?" என்று நேராகவே கேட்டார். "எனக்குத் தெரியலைம்மா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இரவு டியூட்டிக்குத் தன் குழந்தையை அந்த அக்காவே பார்த்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. மருந்தும் கண்காணிப்பும் யார் பார்த்தாலும் ஒன்றுதான் என்று சொல்ல வந்து, அடக்கிக்கொண்டு, அக்காவின் பொறுப்பில் இருந்த குழந்தையை நான் எடுத்துக்கொண்டேன்.