கொடைக்கானல் ஏரி எரிமலை வாயா?

கொடைக்கானலுக்கு வரும் பயணிகளில் சிலர், ஏரியைச் சுற்றி நடக்கும்போது, இது அணைந்துபோன எரிமலையின் வாய்தானே என்று கேட்பதுண்டு. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கரை கட்டியதால் உண்டான ஏரி இது. பழனி மலையின் பாறைக்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. சார்னோகைட் எனப்படும் இப்பாறை, பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே கிடந்தவை அரித்துப்போன பிறகே வெளியே தெரிந்தது. சாலைக்காகப் புதிதாக உடைத்த இடத்தில் உற்றுப் பார்த்தால், எண்ணெய்ப் பளபளப்புடன் அதன் கரும்சாம்பல் நிற மணிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். வெளியே கொட்டி விரைவில் ஆறும் லாவாவில் மணிகள் அவ்வளவு பெரிதாக வளர நேரமிருப்பதில்லை.

எரிமலை என்றதும் உச்சிப் பள்ளமே நினைவுக்கு வந்தாலும், முக்கியமான பகுதி கீழேதான் இருக்கிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில் மாக்மா எனப்படும் பாறைக்குழம்பு தங்கும் அறை, அங்கிருந்து மேலேறும் குழாய், அது வெளியே திறக்கும் துவாரம், சில மலைகளில் பக்கவாட்டில் பிரியும் கிளைக்குழாய்கள். கூம்பு, முந்தைய வெடிப்புகளின் சாம்பலும் லாவாவும் அடுக்கடுக்காகச் சேர்ந்து எழுந்தது. மாக்மா அறையைச் சிவப்புக் குளமாக வரையும் படங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. அதன் பெரும்பகுதி படிகங்களும் அவற்றின் இடுக்குகளில் தங்கிய உருகிய பாறையுமே.

வெடிப்புக்கு விசை தருவது வாயு. ஆழத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும்வரை நீராவியும் கரியமில வாயுவும் கந்தக டை ஆக்சைடும் மாக்மாவுக்குள் கரைந்தே இருக்கின்றன. மாக்மா மேலேறி அழுத்தம் குறையக் குறைய, அவை குமிழிகளாகப் பிரிந்து பெருகுகின்றன. சிலிக்கா குறைந்த மாக்மா இளகியிருப்பதால், ஹவாயில் நிகழ்வதுபோல, வாயு எளிதில் வெளியேறி லாவா ஆறாக ஓடுகிறது. சிலிக்கா மிகுந்தால் மாக்மா தடித்துவிடும். ரசம் சாதுவாகக் கொதிக்க, கேழ்வரகுக் களி கையில் தெறிப்பதும் இந்த வேறுபாட்டால்தான். தடித்த மாக்மாவில் அடைபட்ட குமிழிகள் அதையே நொறுக்கித் தூளாக்கிவிடுகின்றன. எரிமலைச் சாம்பல் என்று நாம் சொல்வது அந்தக் கண்ணாடித் தூளையும் பாறைத் தூளையும்தான். நொறுங்காமல் உறைந்த குமிழிகளை, கால் தேய்க்க வாங்கும் அசல் நுரைக்கல்லில் தொட்டே பார்க்கலாம்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ, ஏறத்தாழ 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, 1991 ஜூன் 15 அன்று பெருவெடிப்பாக வெடித்தது. சாம்பல் தூண் 30 கிலோமீட்டருக்கும் மேல் எழும்பியது. அறை காலியானதும் தாங்கலின்றி உச்சி உள்ளே சரிந்து, சுமார் இரண்டரை கிலோமீட்டர் அகலத்தில் கால்டெரா எனப்படும் பெரும்பள்ளம் உண்டானது. சுடுசாம்பலும் வாயுவும் சரிவுகளில் பாய்ந்திறங்கின. அன்றே புயலும் தாக்கியதால், மழையில் ஊறிக் கனத்த சாம்பல் கூரைகளை இடித்துப் பலரைக் கொன்றது. அறிவியலாளர்கள் முன்கூட்டியே எச்சரித்துப் பல்லாயிரம் பேரை வெளியேறச் செய்திருந்ததால்தான் இழப்பு அத்துடன் நின்றது. நவீன அறிவியலின் மகத்தான வெற்றிகளுள் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். வளிமண்டலத்தின் மேலடுக்கை எட்டிய கந்தக டை ஆக்சைடு அமிலத் துளிகளாகி வெயிலைத் தடுக்க, உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் குறைந்தது.

மழைக்காலத்தில் வத்தலக்குண்டு சாலையில் மண்சரிவைக் கண்டு பழகிய நமக்கு, பினாட்டுபோ வெடிப்பின் பின்விளைவு எளிதில் விளங்கும். சரிவுகளில் தங்கிய சாம்பலை ஒவ்வோர் ஆண்டு மழையும் சேறாகக் கரைத்து ஆறுகளில் இறக்கிக்கொண்டே இருந்தது. வெடித்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995இல், பகோலோர் என்ற ஊரின் தேவாலயம் ஏறத்தாழ பாதி உயரம்வரை அந்தச் சேற்றில் புதைந்தது.