கிராம்பு மணமும் வேர்க்குழாய்க் கிருமியும்

கண்ணாடிப் பலகையில் துத்தநாக ஆக்ஸைடு பொடியைக் கொட்டி, பக்கத்தில் கிராம்பு எண்ணெயின் முக்கியச் சேர்மமான யூஜினாலைச் சில துளி விட்டு, ஸ்பாட்டுலாவால் அழுத்தித் தேய்த்துக் கலந்தால், தூக்கும்போது நூலாக இழுபடும் பசை கிடைக்கும். ரூட் கெனால் சிகிச்சையில் பல்லின் வேர்க்குழாயை அடைக்க நெடுங்காலமாகப் பயன்படும் இந்தப் பசையின் மணம், கிராம்பு எண்ணெயின் மணமேதான். 'அப்படியானால் குழாயைக் கழுவுவதற்கும் இத்தகைய எண்ணெயையே பயன்படுத்தலாமே' என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு.

கேள்வி நியாயமானது. கழுவுவதற்குப் பல் மருத்துவர்கள் நாங்கள் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் வேர்நுனியைத் தாண்டிக் கசிந்துவிட்டால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். எண்ணெய்களுக்கும் கிருமியைக் கொல்லும் திறன் உண்டு: கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால் போன்ற பீனால் வகைச் சேர்மங்கள் பாக்டீரியாவின் சவ்வில் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்க, உள்ளிருக்கும் அயனிகள் வெளியே கசிகின்றன.

ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, வேர்க்குழாய் வேறு. சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி காணப்படும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியா, வேர்க்குழாயைச் சூழ்ந்த டென்டின் என்னும் பல்திசுவில் சில மைக்ரான் அகலமே உள்ள நுண்குழல்களுக்குள் ஒதுங்கி, உயிர்ப்படலம் என்னும் பிசுபிசுப்பான போர்வைக்குள் கூட்டமாக வாழக்கூடியது. குழாய்க்குள் மருந்தாக வைக்கும் கால்சியம் ஹைட்ராக்ஸைடின் கடும் காரத்தன்மையையே, புரோட்டான்களை உள்ளே இழுத்துக்கொண்டு சமாளிக்கும் கிருமி அது. ஈரம் நிறைந்த அந்தக் குழல்களுக்குள், நீரோடு கலக்காத எண்ணெய் தானாகப் போய்ச் சேராது. பால்மமாக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்.

என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் வேறொன்று. கிருமியைக் கொன்றுவிட்டால் மட்டும் போதாது, கருவி எட்டாத இடுக்குகளில் ஒட்டியிருக்கும் செத்த பல்கூழையும் கரைக்க வேண்டும். ஹைப்போகுளோரைட் அதைக் கரைக்கிறது. கிராம்பு எண்ணெயோ ஓம எண்ணெயோ கரைப்பதில்லை. குழாயைக் கழுவும் மற்றொரு கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடினுக்கும் இதே குறை உண்டு என்பதால், இது தாவரப் பொருளின் மீதுள்ள அவநம்பிக்கை அன்று. 'இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது' என்பதையும் நான் ஏற்பதில்லை. செறிவு கூடினால் யூஜினாலும் திசுவைச் சுடும், மேலே வைக்கும் ரெசின் அடைப்பு சரியாக இறுகாமலும் தடுக்கும்.

எண்ணெயை நான் விரும்பி எடுப்பது, அடைத்த குழாயை மறுபடி திறக்கும்போதுதான். குளோரோஃபார்முக்குப் பதிலாக ஆரஞ்சுத் தோல் எண்ணெயை ஒரு துளி விட்டுக் காத்திருந்தால், குழாயை அடைத்து விறைத்திருந்த கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருள் மெல்ல இளகி, ஃபைல் என்னும் மெல்லிய கருவி அதற்குள் இறங்க வழிவிடும்.