மூன்று பழைய வன்வட்டுகள், ஒரே சேமிப்பிடம்: எல்விஎம் அமைத்துப் பார்த்த அனுபவம்

என் தாய்மாமா கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர். 2002 முதல் 2009 வரை அவர் பதிவு செய்த மினிடிவி கேசட்டுகளில் ஏறத்தாழ இருநூறு, ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று சென்ற ஆண்டு பொறுப்பேற்றுக்கொண்டேன். மினிடிவியில் படம் மட்டுமே நொடிக்கு 25 மெகாபிட் என்பதால், ஒலியும் சேர்ந்து ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 13 ஜிகாபைட் ஆகிறது; இருநூறு கேசட்டுகளுக்கு 2.6 டெராபைட் வேண்டும். கையில் இருந்தவை 2 டெராபைட் வன்வட்டு ஒன்றும் 1 டெராபைட் வன்வட்டுகள் இரண்டும்தான். மொத்தத்தில் இடம் போதும். ஆனால் எந்த ஒரு வட்டிலும் போதாது.

முதலில் வட்டுக்கு வட்டு பிரித்து வைத்துப் பார்த்தேன். ஒரே கல்யாணத்தின் முகூர்த்தக் கேசட் ஒரு வட்டிலும் வரவேற்புக் கேசட் இன்னொரு வட்டிலும் போய்ச் சேர்ந்தன. இடம் பற்றாமல் கோப்புகளை நகர்த்தியபோதெல்லாம் தொகுப்பு மென்பொருள் அவற்றைக் காணவில்லை என்றது. நாற்பது கேசட்டுகள் முடிந்த நிலையில், எல்லாம் ஒரே கோப்புறையின் கீழ் இருந்தாலொழிய இந்த வேலை நடக்காது என்று தெரிந்துவிட்டது.

பல வட்டுகளை இணைத்து, ஒன்று கெட்டாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 என் வட்டுகளுக்குப் பொருந்தவில்லை. அந்த முறையில் ஒவ்வொரு வட்டிலும் மிகச் சிறிய வட்டின் அளவுக்கே இடம் பயன்படும். அதிலும் ஒரு வட்டின் இடம் சரிபார்ப்புத் தரவுக்குப் போய்விட, எனக்கு மிஞ்சுவது 2 டெராபைட்தான். பல வட்டுகளின் கோப்புறைகளை ஒன்றாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ் பற்றி நெடுநேரம் யோசித்தேன். அதில் ஒவ்வொரு கோப்பும் ஏதேனும் ஒரு வட்டில் முழுமையாக இருக்கும். ஒரு வட்டு போனால் அதில் இருந்தவை மட்டுமே போகும். இனி மாற்றமே இல்லாத கோப்புகளை வைத்திருப்பவருக்கு அதுவே நல்லது என்று இன்றும் நினைக்கிறேன். என் வட்டுகளோ பழையவை. ஒன்று தளரத் தொடங்கும்போது, வேலையை நிறுத்தாமலே அதிலிருப்பதை வேறொரு வட்டுக்கு மாற்றும் வசதியே எனக்கு முக்கியமாகப் பட்டது. அது எல்விஎம்மில், அதாவது பல வட்டுகளை இணைத்து ஒரே வட்டாகக் காட்டும் லினக்ஸ் மென்பொருளில், இருக்கிறது.

லினக்ஸுக்கான எல்விஎம்மை 1998இல் முதலில் எழுதியவர் ஹைன்ஸ் மௌவல்ஸ்ஹாகன். எச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்த அமைப்பை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஒவ்வொரு வட்டையும் எல்விஎம் 4 மெபிபைட் (ஏறத்தாழ 4.2 மெகாபைட்) அளவுள்ள துண்டுகளாகப் பார்க்கிறது. என் 2 டெராபைட் வட்டில் 4,76,932 துண்டுகளும், 1 டெராபைட் வட்டு ஒவ்வொன்றிலும் 2,38,467 துண்டுகளும் இருந்தன. இவை அனைத்தையும் ஒரு தொகுதியில் கொட்டி, அதிலிருந்து வேண்டிய அளவுக்கு எடுத்து ஒரு தருக்க வட்டாகத் தருவதே அதன் வேலை. மேலே இருக்கும் கோப்பு முறைமைக்குத் தெரிவது நீண்ட ஒரே வட்டுதான். அதன் எந்தத் துண்டு எந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

உண்மையான வட்டுகளைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். தலா 500 மெகாபைட் அளவில் மூன்று வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, லோசெட்டப் கட்டளையால் அவற்றை வட்டுகள் போலக் காட்டி, மூன்றையும் இணைத்து, இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையை அமைத்து, சில வீடியோத் துண்டுகளால் நிரப்பினேன். பிறகு மூன்றாவதை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். பகுதி மட்டுமே இருக்கும் தருக்க வட்டை இயக்க மாட்டேன் என்று எல்விஎம் மறுத்தது. அரைகுறை நிலையிலேயே இயக்கு என்று வலியுறுத்தி, படிக்க மட்டும் என ஏற்றியபோது, முதல் இரண்டு வட்டுகளில் இருந்த கோப்புகள் திறந்தன, மூன்றாவதில் விழுந்தவை உள்ளீட்டுப் பிழை காட்டின. அடுத்து மூன்றாவதைத் திருப்பி வைத்துவிட்டு முதலாவதை எடுத்தேன். அப்போது கோப்பு முறைமையை ஏற்றவே முடியவில்லை, ஏனெனில் அதன் தலைப்பும் வேர்க் கோப்புறையும் தொடக்கத்திலேயே இருக்கின்றன. எனவே இருப்பதிலேயே ஆரோக்கியமான வட்டை முதலில் வைக்க வேண்டும் என்று அன்றே குறித்துக்கொண்டேன். அது பாதுகாப்பு ஆகாது. இழப்பின் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான அமைப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டெபியன் 12 என்ற லினக்ஸில், அதுவரை மாற்றிய கோப்புகளைத் தற்காலிகமாக வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின், வட்டுகளில் இருந்த பழைய கோப்பு முறைமைக் குறிகளை வைப்எஃப்எஸ் கொண்டு அழித்து, வட்டுகளைத் தயார்செய்யும் பிவிகிரியேட், தொகுதியாக்கும் விஜிகிரியேட், தருக்க வட்டை உருவாக்கும் எல்விகிரியேட் என்ற வரிசையில் போனேன். கிடைத்தது 3.64 டெபிபைட், விற்பனையாளர் கணக்கில் அதுவே 4 டெராபைட். இஎக்ஸ்டி4 வழக்கமாக நிர்வாகிக்கென்று ஒதுக்கும் ஐந்து சதவீதம் இந்த அளவில் ஏறத்தாழ 186 ஜிபிபைட், அதாவது பதினைந்து கேசட்டுகளின் இடம். வெறும் தரவு வட்டுக்கு அது தேவையில்லை என்பதால் பூஜ்யமாக்கினேன். கணினி தொடங்கும்போது ஏற்ற வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்று சேர்த்தது இன்னொரு முன்னெச்சரிக்கை. ஏதேனும் ஒரு வட்டு விழித்துக்கொள்ளாவிட்டாலும் கணினி தொடங்கிவிடும்.

நான்கு மாதங்கள் கேசட்டுகள் ஓடின. வாரந்தோறும் வட்டுகளின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்கன்ட்ரோல் அறிக்கையைப் பார்ப்பது பழக்கமாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது 1 டெராபைட் வட்டில், அதுவரை பூஜ்யமாக இருந்த ஐந்தாம் எண் வரி, அதாவது கெட்டவற்றுக்குப் பதிலாக மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை, 24 என்று காட்டியது. அடுத்த வாரம் அது 56 ஆனது. படிக்க முடியாத பிரிவு எதுவும் இன்னும் இல்லை. காத்திருக்காமல் மறுநாளே புதிய 4 டெராபைட் வட்டு ஒன்று வாங்கி, விஜிஎக்ஸ்டெண்ட் மூலம் தொகுதியில் சேர்த்து, துண்டுகளை ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பிவிமூவைத் தொடங்கினேன்.

பதினைந்து வினாடிக்கு ஒருமுறை திரையில் ஒரு வரி வந்தது: 0.08, 0.16, 0.25. பக்கத்துச் சாளரத்தில் 2005ஆம் ஆண்டின் ஒரு நலங்கு ஓடிக்கொண்டிருந்தது. அதே தருக்க வட்டிலிருந்துதான் ஓடியது, ஓர் இடத்திலும் தடங்கவில்லை. பிவிமூவ் கோப்புகளை அறியாது. காலியோ நிரம்பியதோ, ஒதுக்கப்பட்ட 2,38,467 துண்டுகளையும் அது தூக்கியாக வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருந்தேன். 61 சதவீதத்தில் மின்சாரம் போனது. யூபிஎஸ் தாக்குப்பிடித்த நேரத்தையும் தாண்டி அது வரவில்லை.

கணினி மீண்டும் எழுந்தபோது தரவு எல்லாம் அப்படியே இருந்தது. வட்டின் பெயர் எதுவும் கொடுக்காமல் பிவிமூவ் என்று மட்டும் தட்டினால் விட்ட வேலையைத் தொடரும் என்பதும் உண்மைதான். ஆனால் அது ஒவ்வொரு தொடர் பகுதியும் முடிந்த பிறகே குறித்து வைத்துக்கொள்கிறது. என் வட்டு முழுவதும் ஒரே தொடர் பகுதியாக இருந்ததால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. தளர்ந்துகொண்டிருக்கும் வட்டை மறுபடி முழுதாகப் படிக்கவைப்பது எனக்குக் கவலையாக இருந்தது. எனவே அபார்ட் சொல்லி நிறுத்திவிட்டு, துண்டு எண்களைக் குறிப்பிட்டு நான்கு பாகங்களாக நகர்த்தினேன்: 0 முதல் 59,999 வரை, பிறகு 1,19,999 வரை, பிறகு 1,79,999 வரை, கடைசியாக 2,38,466 வரை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. மின்சாரம் போகும் ஊரில் இருப்பவர்கள் தொடக்கத்திலேயே இப்படிச் செய்வது நல்லது. பிறகு விஜிரெட்யூஸ் கொண்டு பழைய வட்டை விடுவித்து, கணினியை நிறுத்திக் கழற்றினேன்.

புதிய வட்டில் மிஞ்சிய இடத்தையும் எல்விஎக்ஸ்டெண்டால் சேர்த்தேன். இப்போது மொத்தம் 6.37 டெபிபைட். ஏற்றிய நிலையிலேயே கோப்பு முறைமையும் விரிந்துகொண்டது.

இதில் என் மனத்தை விட்டு அகலாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வட்டு ஓராண்டில் கெடும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஏதேனும் ஒன்று கெடும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது. அந்த ஒன்று போனாலே மொத்தச் சேமிப்பிடமும் ஊனமாகும். வட்டுகளைக் கூட்டும்போது இடம் மட்டுமல்ல, ஆபத்தும் கூடுகிறது. அதனால் ஒரு கல்யாணத்தின் கேசட்டுகள் எல்லாம் ஏறியதும் அதை உடனே தனி வெளி வட்டில் நகலெடுத்து, இரண்டின் ஷா256 கூட்டுத்தொகையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தக் கேசட்டுகளைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கிறேன். பெட்டியில் இன்னும் மாற்றாதவை 31 இருக்கின்றன. அவற்றில் ஆறின் நாடாவில் ஏற்கெனவே வெள்ளைப் பூஞ்சை தெரிகிறது. இந்த வாரம் அவற்றைத்தான் முதலில் எடுக்கிறேன்.