ஸ்டிக் சரி, ஜைரோ தப்பு

என்னுடைய பழைய டி-ரெக்ஸ் 450 ரிமோட் ஹெலிகாப்டரில் ரிசீவரை (டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்கும் பெட்டி) மாற்றினேன். புதியது கொஞ்சம் பெரிசு, இடம் போதவில்லை. பின்பக்கத் தட்டின் மேல் இருந்த ஜைரோவை (ஹெலி தானாகத் திரும்புவதை உணர்ந்து வாலால் சரிசெய்யும் கருவி) பிய்த்து, அதே தட்டின் அடியில் புது டபுள் டேப் போட்டு ஒட்டினேன். ஜைரோ ஃபுடாபா ஜிஒய்401 மாடல். டேப் ஒட்டிய முகம் முன்பு ஒட்டிய அதே முகம்தான், ஒயர்களும் அதேதான். அதனால் எதையும் மாற்றிவிட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மைதானத்தில் வலது ரட்டர் (மூக்கைத் திருப்பும் ஸ்டிக் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன். டெயில் ஸ்லைடர் (வால் பிளேடுகளின் சாய்வை மாற்றும் நகரும் பாகம்) எப்போதும் போகும் பக்கம்தான் போனது. சரி என்று த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்றினேன்.

ஹெலி தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. ரோட்டர் வேகம் பிடிக்கும்போதே மூக்கு இடது பக்கம் நகர்ந்தது. வலது ஸ்டிக் கொடுத்தேன், கேட்கவில்லை. அடுத்த நொடி சாட்டையை உருவிய பம்பரம்தான். ஒரு ஸ்கிட் (தரையில் நிற்கும் கால்) புல்லில் மாட்டிச் சாய்ந்தது. 325 மில்லிமீட்டர் பிளேடு இரண்டும் போச்சு, ஃபெதரிங் ஷாஃப்ட் (பிளேடுகளைத் தாங்கும் தண்டு) வளைந்தது, மெயின் கியரில் பல் உதிர்ந்தது. மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் ஸ்விட்சுக்குக் கை தானாகப் போனதால் அதோடு நின்றது.

நடந்தது இதுதான். மேலிருந்து பார்த்தால் மெயின் ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. அதன் எதிர்விசையில் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதாவது மூக்கு இடது பக்கம். அதைக் கண்டதும் ஜைரோ வலது ரட்டர் கொடுத்துப் பிடிக்க வேண்டும். தட்டின் மேலிருந்து அடிக்குப் போனதில் என் ஜைரோ தலைகீழாகிவிட்டது. இடது பக்கம் திரும்புவதை வலது பக்கம் என்று எண்ணி, இன்னும் இடது ரட்டரைக் கொடுத்தது. திரும்பத் திரும்பக் கூடுதலாகத் தள்ளியது.

உதிரி பாகங்கள் வந்ததும் மேசையில் வைத்தேன். முதலில் மோட்டாரிலிருந்து இஎஸ்சிக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) போகும் மூன்று ஒயரையும் கழற்றினேன். பேட்டரி போட்டால் ரிசீவரும் ஸ்லைடரைத் தள்ளும் சர்வோவும் வேலை செய்யும், மோட்டார் சுற்றாது. மெயின் பிளேடுகளும் இல்லை. பேட்டரி போட்டபின் சில நொடி ஹெலியைத் தொடாமல் விட வேண்டும், ஜைரோ அப்போதுதான் தன் நிலையைப் பிடிக்கிறது.

வலது ஸ்டிக் கொடுத்து, ஸ்லைடர் போகும் பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு ஹெலியை எடுத்து மூக்கை வெடுக்கென்று இடது பக்கம் திருப்பினேன். ஸ்லைடர் வலது ஸ்டிக்குக்குப் போன பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போனது. குற்றவாளி கிடைத்துவிட்டான்! (இங்கே டெயில் பூமை (வால் குழாயை) பிடித்துத் திருப்பினால் குழம்பிப் போவோம். பார்க்க வேண்டியது மூக்கை.)

அவசரத்தில் டிரான்ஸ்மிட்டர் மெனுவுக்குள் போய் ரட்டரை ரிவர்ஸ் செய்தேன். மறுபடி சோதித்தேன். ஸ்டிக்கும் ஜைரோவும் ஒரே பக்கம்! வெற்றி என்று மோட்டார் ஒயரை மாட்டப் போனேன். பல வருஷம் ஹெலி ஓட்டும் அண்ணன் ஒருவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி தம்பி, வலது கொடுத்தா டெயில் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? அதைச் சொல்லு."

சொல்லத் தெரியவில்லை.

அவர் காட்டிய முறை இது. ஹெலிக்குப் பின்னால் நின்றுகொள். மூக்கு வலது பக்கம் போக வேண்டுமென்றால் வால் இடது பக்கம் போக வேண்டும், அப்படியானால் காற்று வலது பக்கம் போக வேண்டும். மெயின் ரோட்டர் ஹெட்டைக் கையால் கடிகாரச் சுற்றில் சுற்றினால் டெயில் பிளேடும் கூடவே சுற்றும். எந்த விளிம்பு முன்னால் போகிறதோ அது, வலது ஸ்டிக் கொடுத்திருக்கும்போது, இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். என்னுடையது வலது பக்கம் சாய்ந்து நின்றது. டிரான்ஸ்மிட்டரில் செய்த ரிவர்ஸ் ஜைரோவைத் தொடவே இல்லை, சரியாக இருந்த ஸ்டிக்கைத்தான் கெடுத்தது. இரண்டும் சேர்ந்து தப்பாக இருந்ததால் ஒத்துப்போயின. இன்னொரு செட் பிளேடு போயிருக்கும்.

மெனுவைப் பழையபடி வைத்தேன். ஜிஒய்401-இன் முகத்திலேயே திசை மாற்றும் குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. ஜைரோ தலைகீழாகத் தொங்குவதால் ஹெலியைக் கவிழ்த்துச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் தள்ளினேன். மறுபடி மூக்கை இடது பக்கம் திருப்பினேன். ஸ்லைடர் வலது ஸ்டிக்கின் பக்கமே போனது. பிளேடு விளிம்பும் இடது பக்கம் சாய்ந்தது.

ஒரு விஷயம் என்னைக் கொஞ்ச நேரம் குழப்பியது. சோதனையின்போது ஸ்லைடர் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது, நடுவுக்கு வரவில்லை. சர்வோ போச்சோ என்று நினைத்தேன். ஹெடிங் ஹோல்ட் மோடில் (மூக்கின் திசையை ஜைரோ பிடித்து வைக்கும் மோடு) அப்படித்தான் இருக்கும். விட்ட திசைக்கு மூக்கு வரும்வரை ஜைரோ பிடித்துக்கொண்டே இருக்கும். கெயின் (ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்தும் என்ற அளவு) ஸ்விட்சைத் தட்டி நார்மல் மோடுக்குப் போனேன். ஜைரோவின் சிவப்பு விளக்கு அணைந்தது, ஸ்லைடர் நடுவுக்குத் திரும்பியது. இந்தச் சோதனைக்கு அந்த மோடுதான் வசதி.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் பதினைந்து அடி தள்ளி நின்று மெதுவாக ஏற்றினேன். மூக்கு அசையவில்லை. முழங்கால் உயரத்தில் வால் மட்டும் நாய் மாதிரி ஆடியது. அது கெயின் அதிகம். ஐந்து புள்ளி குறைத்ததும் அடங்கியது.