இக்கரையிலேயே கட்டப்படும் பாலம்

போர்க்காலப் பாலம் என்றாலே அதன் வேகத்தைத்தான் பலரும் வியக்கிறார்கள். இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய எனக்கு, அந்தப் பாலம் ஏறக்குறைய முழுவதும் இக்கரையிலேயே கட்டப்படுகிறது என்பதுதான் பெரிய வியப்பு. படகில் கடந்த காலாட்படை பிடித்துவைத்திருக்கும் சிறு நிலத்தைத் தவிர அக்கரையில் எதுவும் நம் வசம் இராது. அங்கே கிரேனை நிறுத்தவோ தூண் எழுப்பவோ வழியில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பொறியாளர் டொனால்ட் பெய்லி வடிவமைத்த பாலம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 10 அடி நீளமும் சுமார் 260 கிலோ எடையும் கொண்ட அதன் இரும்புப் பேனலை, அதாவது சட்டத்தை, ஆறு பேர் தூக்கிவிடலாம். பேனல்களை இரும்பு முளைகள் அடித்து இணைத்து, ரோலர்கள்மேல் வைத்து ஆற்றின் குறுக்கே தள்ளுவோம். முன்னே நீளும் பகுதியின் கனம் பின்பகுதியை மிஞ்சினால் அத்தனையும் தண்ணீருக்குள் சாயும் என்பதால், தளம் போடாத இலகுவான மூக்கு ஒன்றை முன்னால் பூட்டுகிறோம். அதன் நுனி தொய்ந்து அக்கரையில் முட்டாதபடி இடையில் இணைப்புக் கட்டைகள் செருகி மேல்நோக்கித் தூக்கிவிடுகிறோம். அக்கரை சேர்ந்ததும் மூக்கைக் கழற்றி, ஜாக்கி வைத்துப் பாலத்தை இறக்குவோம். சுமப்பது கடினம்தான், ஆனால் என் அனுபவத்தில், ரோலர்களை மட்டம் பார்த்து நேர்க்கோட்டில் வைப்பதே அதைவிடக் கடினம், ஏனெனில் அங்கே நேரும் சிறு கோணல் அக்கரையில் பல அடி விலகலாகிவிடும்.

குடியாத்தம், பரதராமி, சித்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் எங்களோடு இருந்தார்கள். கட்டளை இந்தியில் வரும். தள்ளும்போது தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். எங்கள் படையினரை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கும். எதிரிக்கு எதிரே இரவில் கட்டும்போது இந்தச் சத்தத்துக்கெல்லாம் இடமில்லை. முளை அடிக்கும் ஓசையே பீரங்கிக்குக் குறி காட்டிவிடக்கூடும்.

1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின்மேல் 1,154 அடி நீளத்துக்கு, இதே பேனல்களைக் கொண்டு மிதவைப் பாலம் அமைத்தார்கள். 2024-இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின் சூரல்மலையில் மதராஸ் சாப்பர்கள் 190 அடிப் பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் முடித்தார்கள். அது 24 டன் வரை தாங்கும். தமிழக-ஆந்திர எல்லையோரத்தில் சிலர் இத்தகைய பாலத்தையே நிரந்தரமாகக் கேட்கிறார்கள். கருங்கல் லாரிகள் அளவுக்கு மீறிச் சுமையேற்றி ஓடும் சாலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். போரிலும், உறுதியான பாலம் எழுந்தவுடன் பேனல்களைக் கழற்றி அடுத்த ஆற்றுக்கு அனுப்புவதே வழக்கம்.