வாசல் தாண்டாதவர்கள்

2025 மே 2, வெள்ளி

மாதா வணக்க மாதம் தொடங்கிவிட்டது. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழுவில், மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. இன்று பக்கத்து வீடு. ஜெபமாலை முடிந்து சுண்டலோடு உட்கார்ந்தால் வருஷா வருஷம் அதே பேச்சுதான். "அந்தக் காலத்துல பொம்பளைங்க வாசல் தாண்ட மாட்டாங்க. மணி அடிச்சா விளக்கு, ஜெபம், சாப்பாடு. இப்ப யாரு வீட்ல அப்படி?"

நானும் தலையாட்டினேன், மனசாரத்தான். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு ஏழரைக்குத் தங்கச்சிமடம் வந்து சேரும்போது கண்ணுக்குள் சின்னப்பாலத்து ஓலைவீடுதான் நிற்கும். சிம்னி விளக்கு, சூடைமீன் குழம்பு, சுவரில் சாய்ந்து கண்மூடி ஜெபமாலை சொல்லும் அம்மா. அந்த முகத்தில் இருந்த அமைதி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மே 6, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. என் வீட்டுக்காரர் வீட்டோடு இருக்கிறார். குடும்பம் முழுக்க ஒரே கூரையின் கீழ், மூன்று வேளையும் சேர்ந்து சாப்பாடு. அன்பியத்தில் ஏங்குவது இதற்குத்தானே? வளையல் அடகுக்குப் போயாச்சு. அவர் வெங்காயம் உரிக்கிறார், அதுவும் மோசமாக.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். பூசைக்குப் பிறகு வெளியூரிலிருந்து வந்தவர் ஒருவர் நீதிமொழிகள் 31-ஐ வைத்து நல்ல மனைவியைப் பற்றிப் பேசினார். வீடே அவள் கோயில், அடுப்பே பீடம் என்றார். கைதட்டல்.

மத்தியானம் வேதாகமத்தை எடுத்து அதே அதிகாரத்தைப் படித்தேன். அந்தப் பெண் வயலைப் பார்த்து விலைக்கு வாங்குகிறாள். திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து விற்கிறாள். தூரத்திலிருந்து உணவு கொண்டுவருவதில் வணிகக் கப்பல் மாதிரி இருக்கிறாளாம். ஊர் வாசலில் போய் உட்கார்ந்திருப்பது அவள் புருஷன்தான். கப்பல் வரும் வசனத்தையாவது இந்த ஊரில் வாசித்திருக்கலாம்.

மே 15, வியாழன்

அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டைவிரல். மெஷின் எதையும் ஏற்கவில்லை. வரிசையில் ஒருவர் தலையில் விரலைத் தேய்த்து வைக்கச் சொன்னார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கண்ணைக் காட்டி அரிசி வாங்கினோம்.

வெளியே வந்து அந்த விரல்களைப் பார்த்தேன். நுனியில் ரேகையே இல்லை. கூழாங்கல் மாதிரி வழவழப்பு, குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கீறல் தழும்பு. மரிக்கொழுந்துப் பாசி கடலடியில் பாறையோடு ஒட்டி வளரும். பழைய சேலையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கித்தான் பிய்க்க வேண்டும். அம்மா குருசடைத் தீவுப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் முங்கியிருக்கிறாள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் போனாள், கூடுதலாகப் பயத்தோடு. விடியுமுன் போனால் மத்தியானம் வருவாள். பிறகு மணலில் பாசியைக் காயப் போட வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், எடை போடுபவரோடு சண்டை பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஈரச் சேலையோடு அவள் வாசலில் வந்து நின்றதைத் தினமும் பார்த்தவள்தான். ஆனால் ஏக்கம் வரும்போது அந்த அம்மா வருவதில்லை, விளக்கடி அம்மா மட்டும்தான் வருகிறாள். அந்தக் குழம்புகூட அம்மாச்சி வைத்ததுதான்.

மே 16, வெள்ளி

கேட்டேவிட்டேன். "கண்ண மூடிக்கிட்டு அவ்வளவு உருக்கமா ஜெபம் சொல்லுவியேம்மா, என்ன வேண்டிக்குவ?"

"எங்குட்டுத்தா ஜெபம்? கண்ண மூடுனா தூக்கந்தான் வரும். உங்க அம்மாச்சி முழங்கையால இடிப்பா, 'அருள் நிறைந்த'ன்னு ஆரம்பிப்பேன், திரும்பவும் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

"வீட்டோட இருந்திருக்கலாம்னு நினைச்சிருக்கியா?"

"மழைக்காலத்துல நினைப்பேன். தண்ணி கலங்கிரும்ல." கொஞ்ச நேரம் கழித்து, யாரோ கேட்டுவிடுவார்கள் போல மெதுவாகச் சொன்னாள்: "முங்கி இருக்கப்ப ஒரு சத்தமும் கேக்காதுத்தா. அது நல்லாருக்கும்."

மே 31, சனி

மாதம் முடிகிறது, சுரூபம் எங்கள் வீட்டில். மல்லிகைச் சரம், அகல்விளக்கு, இருபது பேர், சுண்டல் நான் கிண்டியது. சனிக்கிழமை என்பதால் ஜெபமாலையில் மகிழ்ச்சி தேவ இரகசியங்கள், பத்து ஜெபத்துக்கு ஒரு சம்பவமாக. இரண்டாவது, மரியா எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்து போனது. அது முடிவதற்குள் அம்மாவின் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. கண் மூடி, உதடு லேசாகத் திறந்து.

"பாருங்க, பெரியவங்க எப்படி ஒன்றிப் போயிருக்காங்க," என்று ஒரு அக்கா தன் மகளிடம் கிசுகிசுத்தாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்து நழுவிய ஜெபமாலையை எடுத்து அம்மா மடியில் வைத்துவிட்டு, மூன்றாவது பத்து ஜெபத்தைக் கொஞ்சம் மெதுவாகவே தொடங்கினேன்.